நான் அழித்த பதிவு

(மதுரையில் ஒரு வாசிப்பு வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



சொந்தமாக எழுதத் தொடங்கும் நம் பிள்ளைகள் ஏன் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், தொடர்ந்து எழுதுகிறவர்கள் எப்படித் தொடர்கிறார்கள் என்று பேசச் சொன்னார்கள். கூப்பிட்ட தம்பியிடம், "நான் நிறுத்தினவ தம்பி, என்னைய எதுக்குக் கூப்பிடுற?" என்று கேட்டேன். "அதுக்குத்தான் அக்கா" என்றார். எனவே நிறுத்தியவள் என்ற தகுதியில்தான் இங்கே நிற்கிறேன்.

நான் எழுத்தாளர் இல்லை. டி.டி.பி. வேலை பார்த்தவள். பிளஸ் டூ முடித்ததும் தையலுக்குப் போகலாமா டைப்ரைட்டிங் போகலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, மதுரையில் ஒரு அச்சகத்தில் ஆள் வேண்டும் என்று யாரோ சொல்ல, வந்து சேர்ந்தேன். காலையில் மேலூர் பக்கத்திலிருந்து பஸ் ஏறினால் வீடு திரும்ப இரவு எட்டரை ஆகும். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கட்சிக்காரர் பிறந்தநாள் போஸ்டர். மதுரையில் போஸ்டருக்குப் பஞ்சமே கிடையாது, உங்களுக்கே தெரியும்.

அந்த வேலையில் நான் முதலில் கற்றுக்கொண்டது பாமினி எழுத்துரு. இரண்டாவதாகக் கற்றுக்கொண்டது பட்டம் போடுவது. ஒரு பத்திரிகையில் இருபது பெயர் இருந்தால் இருபதுக்கும் பின்னால் சாதிப் பட்டம் வர வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் ஃப்ரூஃப் பார்க்கும்போது சத்தம் போடுவார்கள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விட்டொழிக்கத் தீர்மானம் போட்டார்கள் என்று பிற்பாடு படித்தேன். முக்கால் நூற்றாண்டு கழித்து நான் உட்கார்ந்து அதே பட்டங்களைப் பெரிய எழுத்தில் அடித்துக்கொண்டிருந்தேன். நம் தெருக்காரர்கள் பத்திரிகை அடிக்க வந்தால் பெயருக்குப் பின்னால் எதுவும் இருக்காது. முகவரியில் மட்டும் 'காலனி' என்று இருக்கும். அந்த ஒரு சொல் போதும், பட்டம் சொல்லாத எல்லாவற்றையும் அது சொல்லிவிடும். அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில்தான் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

நாள் முழுக்க மற்றவர்கள் பெயரை அடித்துக்கொண்டிருந்தவளுக்குத் தன்னுடையதையும் அடித்துப் பார்க்க ஆசை வராதா? 2006இல் எனக்கு வந்தது. எங்கள் கடைக்குப் போஸ்டர் வேலை கொடுக்க வரும் ஒரு தோழர்தான், "இணையத்துல வலைப்பூன்னு ஒண்ணு இருக்கும்மா. காசு கிடையாது, யார் வேணும்னாலும் எழுதலாம்" என்று சொன்னார். பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு இருபது ரூபாய். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் ஒரு மணி நேரம். எனக்குத் தெரிந்தது பாமினி மட்டும்தான், அது இணையத்தில் தெரியாது. சுரதா என்ற ஈழத் தமிழர் ஒரு எழுத்துரு மாற்றியை உருவாக்கி எல்லோரும் பயன்படுத்தும்படி இணையத்தில் வைத்திருந்தார். பாமினியில் அடித்து அதில் ஒட்டினால் யூனிகோடாக மாறிவரும். முகம் தெரியாத அந்த மனிதருக்கு இன்றைக்கும் என் நன்றி உண்டு.

அந்தக் காலத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தமிழ்மணம் என்று ஒரு திரட்டி இருந்தது. யார் பதிவு போட்டாலும் வந்த நேரப்படி முகப்பில் வரிசையாகக் காட்டும். அமெரிக்காவில் இருக்கும் கணினிப் பொறியாளர் எழுதியதற்கு அடுத்த வரியில் மேலூர் பக்கத்து டி.டி.பி. பெண் எழுதியதும் நிற்கும். ஊரில் எந்த வரிசையிலும் எங்களுக்கு அப்படி இடம் கிடைத்ததில்லை. புனைபெயரில்தான் எழுதினேன். இரண்டு வருடத்தில் அறுபதுக்கு மேல் பதிவுகள். பருத்தி எடுக்கப் போனது, பள்ளிக்கூடத்து சத்துணவு வரிசை, அம்மா சொன்ன கதைகள், பஸ்ஸில் நடந்தது. துயரம் மட்டும் எழுதவில்லை. எங்கள் தெருப் பெண்கள் அடிக்கும் கிண்டலை எழுதினால் இரண்டு நாளைக்குச் சிரிக்கலாம். அதையும் எழுதினேன்.

2008 மே 6ஆம் தேதி எழுமலை பக்கம் உத்தப்புரத்தில் சுவரின் ஒரு பகுதியை இடித்தார்கள். நாடு முழுக்கச் செய்தி. அந்த வாரம் நான் ஒரு பதிவு எழுதினேன். எங்கள் ஊரில் சுவர் எதுவும் இல்லை, ஆனால் என் அப்பத்தா செத்தபோது பாடையை ஊர்த்தெரு வழியாகக் கொண்டுபோக முடியவில்லை. பெரியாறு கால்வாயில் தண்ணீர் விட்டிருந்த காலம், வயல் முழுக்க நடவு. வரப்பில் ஒற்றையடியாக, தூக்கிய நாலு பேரில் இரண்டு பேர் சேற்றில் இறங்கி நடந்தார்கள். ஓரிடத்தில் பாடை சாய்ந்தது. அதைத்தான் எழுதினேன். அந்தத் தேதி, யார் வந்து தடுத்தது, அப்போது பஞ்சாயத்தில் யார் இருந்தது, பாதை கேட்டு எங்கள் தெருவிலிருந்து எந்தெந்த வருடம் மனு கொடுத்தார்கள், எல்லாவற்றையும் சித்தப்பாவிடம் உட்கார்ந்து கேட்டு எழுதினேன். ஊர்ப் பெயர் மட்டும் போடவில்லை.

பெயர் போடாவிட்டால் என்ன? கால்வாய், கண்மாய், கோயில், சுடுகாடு எல்லாவற்றையும் எழுதிவிட்டு ஊர்ப் பெயரை மறைத்தால் அந்த ஊர்க்காரனுக்குத் தெரியாமல் போகுமா? ஊர்த்தெருப் பையன் ஒருவன் வெளியூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். அவன் பார்த்து, பிரிண்ட் எடுத்து, ஊருக்கு வரும்போது கையோடு கொண்டுவந்துவிட்டான்.

எங்கள் அப்பா வாரத்துக்கு நிலம் உழுதவர். "அடுத்த போகத்துக்கு வேற ஆள் பார்த்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அடி இல்லை, மிரட்டல் இல்லை, போலீசில் எழுதிக் கொடுக்கிற மாதிரி எதுவுமே நடக்கவில்லை. அன்று இரவு அப்பா கேட்டார்: "நீ எழுதுனது பொய்யா தாயி?" "இல்லப்பா, சித்தப்பா சொன்னதுதான், நீங்களும்தான இருந்தீங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அப்ப சரி. ஆனா அழிச்சிரு."

சனிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. மறுநாளே மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரவுசிங் சென்டர் போய் அழித்தேன். அந்த ஒரு பதிவை மட்டும் அழித்தால் மற்றவற்றை வைத்து என்னைக் கண்டுபிடிப்பார்கள் என்று பயந்து மொத்த வலைப்பூவையும் நீக்கினேன். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. எழுதியதெல்லாம் அங்கேயே அடித்து அங்கேயே போட்டது. ஒரு பிரதிகூட என்னிடம் இல்லை. நிலம் திரும்பக் கிடைக்கவும் இல்லை.

தோழர்களே, இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. எழுதுவதை நிறுத்தியவர்களைப் பற்றிப் பொதுவாக என்ன சொல்கிறார்கள்? ஆர்வம் குறைந்துவிட்டது, சோம்பல், கல்யாணம் ஆகிவிட்டது, ஃபேஸ்புக் வந்துவிட்டது. எல்லாமே கொஞ்சம் உண்மைதான். 2013 ஜூலை 1ஆம் தேதி கூகுள் ரீடரை மூடினார்கள். பல வலைப்பூக்களை ஒரே இடத்தில் படிக்க உதவிய வசதி அது. ஆட்கள் ஃபேஸ்புக்குக்குப் போனார்கள். 2016இல் ஜியோ வந்து டேட்டா மலிவானதும் வீடியோவுக்குப் போனார்கள். திரட்டிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. இதெல்லாம் எல்லோருக்கும் பொதுவான காரணங்கள்.

நமக்கு மட்டும் இன்னொரு காரணம் இருக்கிறது. நாம் எழுதினால் அதற்கான விலையை வேறு யாராவது கட்ட வேண்டியிருக்கிறது. நான் எழுதினேன், அப்பா வாரத்தை இழந்தார். ஊரில் சிக்கிக்கொண்டிருப்பவர்கள் இருக்கும்வரை நகரத்தில் நம் விரல் தயங்கும். இதற்குக் கோழைத்தனம் என்று பெயர் இல்லை. அப்பா, அம்மா, தம்பி, வாரத்து நிலம், கூலி வேலை, ரேஷன் கடைக்குப் போகிற தெரு, இவற்றை எல்லாம் கணக்குப் போட்டுவிட்டு ஒருவர் நிறுத்தினால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நிறுத்தவும் நமக்கு உரிமை உண்டு.

பெண்களுக்கு இன்னும் இரண்டு சேரும். ஒன்று, நேரம். இரவு எட்டரைக்கு வந்தவள் சோறு ஆக்கிப் பாத்திரம் கழுவிவிட்டு எப்போது எழுதுவாள்? இன்னொன்று, வசை. சாதியைப் பற்றி ஒரு பெண் எழுதினால் பதில் அவள் எழுதியதற்கு வராது, அவள் உடம்புக்கு வரும்.

இன்னொரு சோர்வும் இருக்கிறது, அதை நாம் வெளியே சொல்வதில்லை. முற்போக்கான நண்பர்கள்கூட நம்மிடம் காயத்தை மட்டுமே கேட்கிறார்கள். என் பருத்திக்காட்டுக் கிண்டலுக்கு ஐந்து பேர் வந்தால், சேற்றில் சாய்ந்த பாடைக்கு நூறு பேர் வந்தார்கள். 'மனம் கனத்தது' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஒவ்வொரு முறையும் புண்ணைக் கீறிக் காட்டினால்தான் வாசகர் வருவார் என்றால் எத்தனை நாளைக்கு ஒருவர் எழுத முடியும்?

சரி, தொடர்ந்து எழுதியவர்களுக்கு வருவோம். இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பழைய இதழ்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். வலைப்பூவுக்கு நூறு வருடம் முன்னால் அதே வேலையைச் செய்தவை நம் சிறு இதழ்கள். ஒரு ஆள், கைக்காசு, நாலு பக்கம். நம் காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜெ. பாலசுப்பிரமணியம் 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' என்று ஒரு ஆய்வு நூல் எழுதியிருக்கிறார். 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைப் பற்றியது. அவசியம் படியுங்கள். சூரியோதயம், பஞ்சமன், திராவிடப் பாண்டியன், பறையன், தமிழன் என்று வரிசை போகிறது. நமக்கு எழுத்து மரபே இல்லை என்று சொன்னவர்களுக்கு அந்த அட்டவணை ஒன்றே பதில்.

1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். நாலு பக்கம், மாத இதழ். முதல் இதழுக்கு அச்சுக்கும் விளம்பரத்துக்கும் சேர்த்துப் பத்து ரூபாய் ஆனதாகவும், நானூறு பிரதிகள் இரண்டே நாளில் விற்றுப்போனதாகவும் தன் ஜீவிய சரித்திரத்தில் சொல்கிறார். அச்சகத்தில் இருந்தவள் என்பதால் எனக்கு இந்தக் கணக்கில்தான் முதலில் கண் போனது. பிறகு அது வார இதழானது. எந்தப் பெயரைச் சொல்லி இழிவு செய்தார்களோ அதையே இதழின் நெற்றியில் போட்டுக்கொண்டார். 1896இல் வழக்குப் போட்டு நூறு ரூபாய் அபராதம் விதித்தார்கள். அதற்கும் பிறகு நாலு வருடம் நடத்தினார். 1900இல் அவர் வெளிநாடு போனதும் இதழ் நின்றது.

1907 ஜூன் 19, புதன்கிழமை. சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். விலை காலணா. ஒரு வருடத்தில் பெயர் 'தமிழன்' ஆனது. 1914 மே 5ஆம் தேதி அவர் இறக்கும்வரை ஏழு வருடம் வாரம் தவறாமல் கொண்டுவரப் பாடுபட்டார். அவர் சித்த மருத்துவர். பகலில் நோயாளிகளைப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். அவரால் எப்படித் தொடர முடிந்தது? அவருடைய வாசகர்கள் யார் என்று பாருங்கள். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள், ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பிழைக்கப் போனவர்கள். ஊர்க்காரன் நிலத்தைப் பிடுங்க முடியாத இடத்தில் இருந்தவர்கள். இதழுக்குக் காசு கொடுத்ததும் அவர் எழுத்தைப் புத்தகமாக்கியதும் அந்தக் கூட்டம்தான். தங்கவயலில் சித்தார்த்தா புத்தகசாலை என்று ஒரு பதிப்பகமே நடத்தினார்கள். பண்டிதர் போன பிறகு நின்றுபோன தமிழனை 1920களில் தங்கவயல்காரர்களே திரும்பக் கொண்டுவந்தார்கள்.

பாபாசாகேப் அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' தொடங்கியபோது கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் 2,500 ரூபாய் கொடுத்தார். அந்த ஆண்டே பாபாசாகேப் படிப்பைத் தொடர லண்டன் போக வேண்டியதாயிற்று. சில வருடத்துக்குள் இதழ் நின்றது. அவர் விட்டுவிட்டாரா? 1927இல் 'பகிஷ்கிருத் பாரத்', 1930இல் 'ஜனதா', 1956இல் அதுவே 'பிரபுத்த பாரத்' ஆனது. மூக்நாயக் சில வருடம்தான் ஓடியது என்று பார்த்தால் தோல்வி மாதிரித் தெரியும். நாலு பெயரையும் சேர்த்துப் பார்த்தால் முப்பத்தாறு வருடம். நிறுத்துவது வேறு, முடிந்துபோவது வேறு என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

நம் மதுரைக்கே வருவோம். 1992இல் பாமாவின் 'கருக்கு' வெளிவந்தது எங்கிருந்து? இந்த ஊரிலிருந்துதான். இங்கே இயங்கிய சமுதாய சிந்தனை செயல் ஆய்வு மையம் அதை வெளியிட்டது. கன்னியர் மடத்திலிருந்து வெளியே வந்து, வேலை இல்லாமல், மனம் உடைந்திருந்த ஒரு பெண் தனக்காக எழுதிக்கொண்டது அது. புத்தகமாக்குவதற்காக எழுதியது அல்ல. எழுதச் சொல்லித் தூண்டவும், எழுதியதைப் படித்துவிட்டு அச்சுக்குக் கொண்டுபோகவும் ஆள் இருந்தது. வெளிவந்ததும் சொந்த ஊரிலேயே கோபம். பல மாதம் ஊருக்குள் அவரால் போக முடியவில்லை. தன் தெருவே தன்மீது கோபப்படுவது மற்றவர்கள் கோபப்படுவதைவிட வலிக்கும், அது எனக்குத் தெரியும். ஆனாலும் புத்தகம் அச்சில் இருந்தது. பிரதிகள் கைமாறிக்கொண்டே இருந்தன. ஊர் பிறகு அதைப் படித்தது. இன்றைக்குக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது.

ஒப்பிட்டுப் பாருங்கள். 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அறிவித்தார். அவருக்குப் பதிப்பாளர் துணை நின்றார், தமுஎகச நீதிமன்றம் போனது, நாடெங்கும் எழுத்தாளர்கள் பேசினார்கள். 2016 ஜூலை 5ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவர் திரும்ப எழுதினார். நல்லது, அப்படித்தான் நடக்க வேண்டும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எழுதிய பெண்ணுக்குப் பதிப்பாளர் இல்லை, சங்கம் இல்லை. அவள் நிறுத்தியதை அறிவிக்கக்கூட இல்லை. 2014 அக்டோபரில் தமிழ் வலைப்பதிவர்கள் மதுரையில் பெரிதாகக் கூடினார்கள். அச்சகத்திலிருந்து நடந்துபோகிற தூரம்தான். நான் போகவில்லை. போய் என்ன சொல்லி அறிமுகம் செய்துகொள்வது?

ஆகவே நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான். தொடர்ந்தவர்கள் நம்மைவிடத் தைரியசாலிகள் என்பதால் மட்டும் தொடரவில்லை. அவர்களுக்குப் பின்னால் செலவைப் பகிர்ந்துகொள்ள, அபராதத்தைத் தாங்க, பிரதியைப் பத்திரப்படுத்த ஒரு கூட்டம் இருந்தது. நிறுத்தியவர்கள் பெரும்பாலும் தனியாக இருந்தார்கள்.

இப்போது நான் இங்கே வரக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன். 2023இல் எங்கள் தெருப் பெண் ஒருத்தி எனக்கு போன் செய்தாள். சட்டம் படிக்கிற பிள்ளை. நான் ஊரை விட்டு வந்தபோது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தவள். சுடுகாட்டுப் பாதைக்காகத் திரும்பவும் மனு போடுகிறார்கள். ஓர் அலுவலகத்தில், 'உங்கள் ஊரில் அப்படிப் பிரச்சினை இருந்ததாக இதற்கு முன் எந்தப் பதிவும் இல்லையே' என்று கேட்டிருக்கிறார்கள். "அத்தை, நீங்க எப்பவோ அப்பத்தா சாவைப் பத்தித் தேதியோட எழுதுனீங்களாமே, அதுல மனு கொடுத்த வருசமெல்லாம் இருந்துச்சாமே. அது இருக்கா?" என்று கேட்டாள்.

சித்தப்பா அதற்குள் இறந்துவிட்டார். அந்த வருடங்களை எல்லாம் நினைவில் வைத்திருந்த ஒரே ஆள் அவர். என்னிடம் எதுவும் இல்லை. இணைய ஆவணக் காப்பகத்தில் தேடிப் பார்த்தாள். என் வலைப்பூவின் முகப்பு ஒரே ஒரு நாள் சேமிக்கப்பட்டிருந்தது, 2007இல். அந்தப் பதிவு எழுதுவதற்கு முந்தைய வருடம். ஒரு வலைப்பூ நீதிமன்றத்தில் எந்த அளவுக்குச் சாட்சியமாக நிற்கும் என்பது வேறு விஷயம். மனுக்கள் கொடுத்த வருடங்கள் தெரிந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்க ஒரு பிடி கிடைத்திருக்கும். அந்தப் பிடியை நான் அழித்துவிட்டேன்.

அன்று இரவு எனக்கு ஒன்று தோன்றியது. என் பதிவின் பிரதி ஒன்று இன்றும் எங்காவது இருக்கிறது என்றால், அது அந்தப் பையன் எடுத்த பிரிண்ட்தான். ஊர்த்தெருவில் ஏதோ ஒரு வீட்டு பீரோவில் பத்திரத்தோடு பத்திரமாகக் கிடக்கலாம். இது புதிதும் அல்ல. 'பறையன்' இதழின் முழுத் தொகுப்பு இன்று நம் கையில் இல்லை. அதில் என்ன எழுதினார்கள் என்று நமக்குத் தெரிவதில் ஒரு பங்கு, வெள்ளைக்கார அரசாங்கம் சுதேசிப் பத்திரிகைகளைக் கண்காணிக்க மொழிபெயர்த்து வைத்த அறிக்கைகளிலிருந்து வருகிறது. சூரியோதயம், பஞ்சமன் என்ற பெயர்கள் நமக்குக் கிடைத்தது அயோத்திதாசர் தன் தமிழனில் அவற்றைக் குறிப்பிட்டதால். ஒருவர் தனக்கு முன்னால் எழுதியவரின் பெயரை ஒரு வரி எழுதி வைத்ததால் அந்தப் பெயர் பிழைத்தது. பண்டிதருடைய எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் சிலர் பழைய தமிழன் இதழ்களைப் போற்றி வைத்திருந்ததால்தான், 1999இல் ஞான. அலாய்சியஸ் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுக்க முடிந்தது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது. அவர் இறந்து எண்பத்தைந்து வருடம் கழித்து. யாரோ ஒரு தாத்தா, கரையான் அரிக்காமல் ஒரு கட்டுக் காகிதத்தைக் காப்பாற்றியிருக்கிறார். அவரும் அந்த இயக்கத்தின் ஆள்தான்.

2016 ஜனவரி 17 அன்று நாம் இழந்த தோழர் ரோகித் வெமுலா ஃபேஸ்புக்கில் எழுதிக்கொண்டிருந்ததை அடுத்த வருடமே தொகுத்துப் புத்தகமாக்கினார்கள். அவருடைய கடைசிக் கடிதத்தை நாடே படித்தது. அதற்கு முன்னால் அவர் பல வருடமாக எழுதிய அரசியல், கோபம், நகைச்சுவை எல்லாம் யாரோ சேகரித்ததால் நமக்குக் கிடைத்தது. இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையை அவர் சாவை வைத்து மட்டுமே தெரிந்துகொண்டிருப்போம்.

எனவே உங்களிடம் 'எழுதுங்கள், எழுதுங்கள், பயப்படாதீர்கள்' என்று சொல்ல நான் வரவில்லை. பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படத்தான் வேண்டும். மூன்று காரியம் மட்டும் கேட்கிறேன்.

முதலாவது, எழுதியதை உங்கள் கையில் வையுங்கள். ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வாடகை வீடு. ஆர்குட் 2014இல் போனது, கூகுள் பிளஸ் 2019இல் போனது, அதில் எழுதியவர்கள் தேடிக்கொண்டு நின்றார்கள். வெளியில் எங்கே போட்டாலும் ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். முடிந்தால் காகிதத்தில். அச்சகக்காரி சொல்கிறேன், காகிதத்துக்குப் பாஸ்வேர்டு வேண்டாம்.

இரண்டாவது, உங்களுடையதை இன்னொருவரிடம் கொடுத்து வையுங்கள், இன்னொருவருடையதை நீங்கள் வாங்கி வையுங்கள். நெருக்கடி வந்து ஒருவர் அழிக்க நேர்ந்தால், அவர் அழிக்கட்டும், தப்பில்லை. பிரதி வெளியூரில் ஒரு தோழரிடம் இருக்கும். 2008இல் எனக்கு அப்படி ஒரு ஆள் இருந்திருந்தால் போதும். எங்கள் அப்பா கேட்டபடி அழித்திருப்பேன், அந்தப் பிள்ளை கேட்டபோது எடுத்தும் கொடுத்திருப்பேன்.

மூன்றாவது, நம்மில் எழுதுகிறவர்களிடம் காயத்தை மட்டும் கேட்காதீர்கள். அவர்கள் கிண்டலையும் படியுங்கள், சமையலையும் படியுங்கள், காதலையும் படியுங்கள். படித்தேன் என்று ஒரு வரி சொல்லுங்கள். பத்து வருடம் ஒருவரை எழுத வைக்க அது போதும்.

கடைசியாக ஒன்று. அந்தப் பதிவைத் திரும்ப எழுதினேன். நானும் அந்தப் பிள்ளையும் நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். அம்மாவிடம் கேட்டோம், அன்று பாடை தூக்கியவர்களில் உயிரோடு இருக்கிற இரண்டு பேரிடம் கேட்டோம். அப்பாவிடமும் கேட்டேன். இப்போது அவருக்கு எழுபத்தைந்து வயது, உழ நிலமும் இல்லை, இழக்கவும் நிலம் இல்லை. பாடை சாய்ந்த இடத்தைக் கேட்டபோது, "மூணாவது மடைக்குப் பக்கத்துல. சாய்ஞ்சப்ப நாந்தான் தோள் குடுத்தேன்" என்றார். 2008இல் நான் எழுதியபோது அது எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மனு கொடுத்த வருடங்களில் இரண்டுதான் கிடைத்தன. மற்றவை சித்தப்பாவோடு போயின. அந்த இரண்டை வைத்து அவள் தகவல் உரிமையில் கேட்டிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை. எழுதியதில் மூன்று பிரதி எடுத்தோம். ஒன்று என்னிடம், ஒன்று அவளிடம். மூன்றாவது, என்னை இந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்ட தம்பிக்கு. தம்பி, கொண்டுவந்திருக்கிறேன், கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வலைப்பூவும் திரும்பத் தொடங்கியிருக்கிறேன். முதல் பதிவு பருத்திக்காட்டுக் கிண்டல்.